மணியடித்த கிளி மீது ஓர் உள்விசாரணை

கிளிக்கு நகம் வெட்டும் தொழிலில் ஒரு நேர்மை உண்டு: கடிக்கப் போகிறவர் முன்கூட்டியே வாயைத் திறந்து காட்டிவிடுவார். முப்பத்தோரு ஆண்டுகள் தொழிற்சங்கத்தில் இருந்த எனக்கு இது புது அனுபவம்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு, ராஜா அண்ணாமலைபுரம் வட்டாரத்தில் கிளி வளர்க்கும் வீடுகளுக்குப் போய் நகம் வெட்டுகிறேன், அலகை அரத்தால் ராவுகிறேன், கூண்டு கழுவுகிறேன். வெளியூர் போகிறவர்களின் பறவைகளை மந்தைவெளியில் என் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வதும் உண்டு. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். அந்த வீடுகள் கூப்பிட்டால் நான் போவதில்லை. வெளிநாட்டுக் கிளி என்றால் காகிதம் இருந்தால் போதும். உள்ளூர்க்காரனுக்கு விடுதலையும் வெளிநாட்டுக்காரனுக்குச் சிறையும் தருகிற ஒரு சட்டத்தை என் வாழ்நாளில் இங்கேதான் பார்த்தேன்.

இதைப் படிக்கிற நீங்களும் வீட்டில் ஒரு கிளியோடு அவதிப்படுகிறவராகவே இருப்பீர்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிளியோடு. ஆகவே உங்களுக்கு முன்னுரை தேவையில்லை.

கடி வாங்கும் தகுதி

பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு என்னை வெளியே அனுப்பியது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள், எழுதியதும் துண்டறிக்கைகள்தான். மைக் இல்லாமல் பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் என்று பெயர் எடுத்தவன் நான். எங்கள் பம்பு ஆலையை மூடிய அன்றும் வாசலில் நான்தான் கடைசியாகப் பேசினேன். கம்பெனி பஸ் கடைசி முறையாகப் புறப்படும்வரை தோழர்கள் உணர்ச்சியோடு கேட்டார்கள். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்கள். நான் பேச்சை முடித்துவிட்டு நடந்தே வந்தேன்.

பிறகு வேலை தேடி அலைந்தபோது தி.நகரில் ஒரு பறவைக் கடை வாசலில் நின்றேன். உள்ளே ஒரு பெரிய கிளி கூண்டிலிருந்து தப்பி, கடைக்காரருக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. அது நேரே வந்து என் தோளில் உட்கார்ந்தது. நான் பிடித்தேன். அது என் கட்டை விரலைக் கவ்வியது. ரத்தம் சட்டையில் சொட்டியது. தடியடிக்கே நகராமல் நின்றவனுக்கு ஓர் அலகு எம்மாத்திரம்? கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் விரலைப் பார்த்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கடி வாங்கியும் கத்தாத ஆளை இப்பத்தான் சார் பாக்குறேன். நாளைலேருந்து வந்துடுங்க.”

மூன்று விசில்

மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்கு அருகே ஒரு மாமி வீட்டில் சாம்பல் கிளி ஒன்று இருக்கிறது. ஒரு வாரமாகச் சாதம் விதை விதையாக இருந்திருக்கிறது, பருப்பு வேகவில்லை. மாமி முதலில் அரிசிக் கடைக்காரரை மாற்றினார். பிறகு சிலிண்டர் போடுகிறவரிடம் சண்டை பிடித்தார். பிறகு குக்கரின் ரப்பர் வளையத்தை மாற்றினார். கடைசியில், “நீங்கதான் நடுவுல வந்து அடுப்பைத் தணிக்கறேள்” என்று மாமா மீது குற்றப்பத்திரிகை வந்தது. மாமா அடுக்களைக்குள் போயே பல வருஷம் ஆகிறது என்பதை யாரும் சாட்சியமாக ஏற்கவில்லை.

நான் போன அன்று கூண்டு சமையலறை ஜன்னலை ஒட்டி இருந்தது. குக்கர் ஒரு விசில் அடித்தது. மாமி கூடத்தில் புஷ்பம் தொடுத்தபடியே “ஒண்ணு” என்றார். அடுத்த நிமிஷம் கூண்டுக்குள்ளிருந்து ஒரு விசில். “ரெண்டு” என்றார் மாமி. இன்னும் ஒன்று. “மூணாச்சு” என்று எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். அதாவது, கிளிக்குத் தெரிந்த கணக்கு இதுதான்: மூன்றாவது விசிலுக்கு மாமி எழுந்து வருவார், வந்தால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை தருவார். விஷயத்தைச் சொன்னேன். மாமி கூண்டையும் என்னையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். மன்னிப்பு வரும் என்று மாமா செய்தித்தாளைத் தாழ்த்தினார். வந்தது இதுதான்: “அதுக்கு மூணு வரைக்கும் எண்ணத் தெரியறது. நீங்க ஒரு நாளாவது எண்ணியிருக்கேளா?”

கேட் திறக்கும் இசை

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. சந்து குறுகலானது, காரைத் திருப்ப முடியாது. ஆகவே அவர் கார் எப்போதும் பின்பக்கமாகவே வீட்டுக்குள் வரும், அதற்கென்று ஒரு பாட்டும் பாடும். அந்தப் பாட்டு கேட்டதும் வாட்ச்மேன் ஏழுமலை ஓடிப்போய்க் கேட்டைத் திறக்க வேண்டும். மாடி பால்கனியில் இருந்த அமேசான் கிளி இதை ஆறு மாதம் உன்னிப்பாகப் பார்த்தது. பிறகு பாட்டைத் தானே பாட ஆரம்பித்தது. ஏழுமலை ஓடுவார், திறப்பார், சந்தில் ஒரு நாய் மட்டும் நிற்கும். ஒரு பகலுக்கு இருபது தடவை ஓடினால் மனிதன் என்ன ஆவான்?

நான் உழைப்பாளியின் பக்கம் நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்? ஏழுமலையை உட்காரவைத்துப் பேசினேன். “தோழர், முதல் சத்தத்துக்கே எழுந்து ஓடுவதுதான் அடிமைப் புத்தி. உட்காருங்கள். உண்மையான கார் என்றால் ஹாரன் அடிக்கட்டும்” என்றேன். மறு வாரம் போனபோது அவருடைய நாற்காலியைக் காணவில்லை. ஏழுமலை கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சியின் காரைச் சந்தில் காக்கவைத்த குற்றத்துக்காக நாற்காலி மேலே போய்விட்டதாம். என்னைப் பார்த்ததும் சொன்னார்: “உன் பேச்சக் கேட்டு உக்காந்தேன் நைனா. இப்ப நாள் பூரா நின்னுகினு கீறேன்.”

இந்த இரண்டு வீடுகளிலும் நான் கற்றது ஒன்று. கிளி எல்லாச் சத்தத்தையும் பழகுவதில்லை. மின்விசிறி நாள் முழுக்க ஓடுகிறது. எந்தக் கிளியாவது மின்விசிறி போல் கத்திக் கேட்டிருக்கிறீர்களா? எந்தச் சத்தத்துக்கு மனிதர் எழுந்து வருகிறார் என்று பார்த்து, அதை மட்டும்தான் அது எடுத்துக்கொள்கிறது. முப்பத்தோரு ஆண்டுகள் நான் போட்ட கோஷத்துக்கு நிர்வாகத்தில் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. அரைக் கிலோ எடையுள்ள ஒரு பிராணிக்குத் தெரிந்த இந்த உண்மையை எந்தத் துண்டறிக்கையும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பழைய நிர்வாகம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் என் கையிலிருந்த பை கனத்தது. வரதராஜன். எங்கள் ஆலையின் பர்சனல் மானேஜர். என்னை இரண்டு முறை சஸ்பெண்ட் செய்தவர். எந்தக் கோரிக்கையைக் கொண்டுபோனாலும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “பார்க்கலாம்” என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடுவார். அந்தச் சொல்லுக்கு எதிராக மட்டும் நான் தனியாக ஒரு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். இப்போது காதில் கருவி, கையில் ஒரு கொய்யா.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் கூடத்தை ஒட்டிய பால்கனியிலிருந்து, அதே குரல், அதே இழுப்பு: “பார்க்கலாம்.” வரதராஜன் வாய் அசையவில்லை. சொன்னது கூண்டிலிருந்த சாம்பல் கிளி. பேர் கோகோ, சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி வைத்த பேர். அந்தக் கழுத்தைத் துண்டில் சுற்றிப் பிடித்து நகம் வெட்டும் வாய்ப்பை எந்தத் தொழிற்சங்கவாதி விடுவான்? பத்து நகத்தையும் மிகுந்த கவனத்தோடு வெட்ட உட்கார்ந்தேன். கிளிக்கு எட்டு நகம்தான் என்பதுகூட அன்று மறந்துபோயிருந்தது. வரதராஜன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டார்: “வேற ஏதாவது கோரிக்கை உண்டா, செக்ரட்டரி?”

நீல விளக்கு

வரதராஜனின் மனைவி கமலம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கை. பகல் முழுக்க அவரைப் பார்த்துக்கொள்வது தேவி. பட்டினப்பாக்கத்துக்காரப் பெண், நாற்பது வயது இருக்கும். கமலம்மாள் தலையணைப் பக்கத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் சமையலறையில் மாட்டியிருக்கும் பெட்டி ‘டிங் டாங்’ என்று அடிக்கும். தேவி எங்கே இருந்தாலும் ஓடிவருவார். கிளிக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? பதினைந்து நாளில் டிங் டாங் அதன் சொத்தாகிவிட்டது. தேவி ஆரம்பத்தில் ஏமாந்தார். பிறகு வித்தியாசம் கண்டுபிடித்தார்: “நெஜமா பெல்லு அட்ச்சா பொட்டில நீல லைட்டு எரியும்ணா. கிளிக்கு ஏது லைட்டு?” விளக்கைப் பார்ப்பார், எரியாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்.

வினை அங்கேதான் வந்தது. மகள் கவிதா சிங்கப்பூரிலிருந்து பார்ப்பதற்காகக் கூடத்தில் ஒரு கேமரா. அதில் சத்தமும் கேட்கும். அங்கிருந்தே பேசவும் பேசலாம். ஆனால் அது வாசலையும் சோபாவையும் மட்டும் பார்க்கும். பால்கனிக் கூண்டோ, படுக்கையறையோ, சமையலறைப் பெட்டியோ தெரியாது. அம்மாவின் மணி அடித்துக்கொண்டே இருப்பதும், தேவி கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே இருப்பதும்தான் கவிதா ஒரு வாரமாகப் பார்த்தது. ஒரு மதியத்தில் பதினோரு தடவை என்று எண்ணி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை முதல் வேறு ஆள் வருகிறாள் என்று தேவியிடம் சொல்லியாகிவிட்டது.

கிளி என்று தேவி சொன்னதற்கு, “வாயில்லா ஜீவன் மேல பழி போடாதே” என்று பதில். வாயில்லா ஜீவனாம்! கமலம்மாள், “நான் அடிக்கலையேம்மா” என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்; அம்மாவுக்கு மறதி, மாத்திரை மயக்கம் என்று முடிந்தது. வரதராஜன் மதியம் சாப்பிட்டதும் காதுக் கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர். அவருக்கு எந்த மணியும் கேட்டதில்லை. இதையெல்லாம் தேவி மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார். வேலை போவதுகூட அவருக்குப் பெரிதில்லை. படுத்த படுக்கையில் இருப்பவர் கூப்பிட்டும் எழுந்திருக்காதவள் என்ற பேரோடு வெளியே போனால், இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. நோயாளியைப் பார்த்துக்கொள்வதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “நீ சங்கத்துல கீறவனாமே, பெரிய வூட்டுக்காரர் சொன்னாரு. எனக்கோசரம் ஒரு வார்த்த பேசுவியாண்ணா?”

மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி

எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தொழிலாளி என்னிடம் இப்படிக் கேட்கிறார்! அன்று மாலையே உட்கார்ந்து கவிதாவுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். உலக நிலைமையில் தொடங்கி, வீட்டு வேலை செய்வோரின் நிலைக்கு வந்து, கண்காணிப்புக் கருவிகள் மனித மாண்பின் மீது நடத்தும் தாக்குதலைக் கண்டித்து, ஒன்பது கோரிக்கைகளை வரிசைப்படுத்தியிருந்தேன். ஏழாவது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. தேவியின் வழக்கு கடைசியில் வரும். பெரிய விஷயத்திலிருந்து சிறிய விஷயத்துக்கு வருவதுதான் துண்டறிக்கையின் இலக்கணம்.

மறுநாள் தேவியிடம் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். இரண்டாம் பக்கத்தையும் தடவினார். பாராட்டுக்காக நான் காத்திருந்தேன். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நல்லா கீதுண்ணா. ஆனா இதுல நான் எங்க கீறேன்?”

சாட்சி பிறழ்ந்தது

சரி, எழுத்து வேண்டாம், நேருக்கு நேர் என்று முடிவுசெய்து வரதராஜனிடம் போனேன். “முறைப்படி உள்விசாரணை நடத்தாமல் ஒருவரை வேலையை விட்டு அனுப்ப முடியாது” என்றேன். அவர் முகத்தில் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் உற்சாகத்தைப் பார்த்தேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. அவர் விசாரணை அதிகாரி. காதில் கருவியோடு விழித்திருந்தார். குற்றம் சாட்டிய கவிதா செல்போன் திரையில். தேவி சுவரோரம். நான் தொழிலாளர் தரப்பு. சாட்சி கோகோ, கூண்டோடு கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டது. படுக்கையறைக் கதவைத் திறந்துவைத்து, கமலம்மாள் கையை மார்பின் மேல் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம். கிளி ஒரு தடவை மணி அடித்தால் வழக்கு முடிந்தது.

நாற்பது நிமிடம். கிளி ஒரு சத்தமும் போடவில்லை. கூண்டின் மூலையில் ஒடுங்கி, சிறகுகளை இறுக்கிக்கொண்டு, கண் சிமிட்டாமல் என்னையே பார்த்தது. நான் “டிங் டாங்” என்று எடுத்துக் கொடுத்தேன். விசாரணை அதிகாரி, சாட்சிக்குப் பதில் சொல்லித்தரக் கூடாது என்று ஆட்சேபித்தார். கவிதா, “அங்கிள், எனக்கு மீட்டிங் இருக்கு” என்றாள். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசத் தொடங்கினேன். கடைசி வரிசைக்குக் கேட்கிற குரலில்தான் பேசினேன். கிளி இன்னும் ஒடுங்கியது. திரை அணைந்தது. வரதராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “பார்க்கலாம்” என்றார். அப்போதுதான் கூண்டிலிருந்து குரல் வந்தது: “பார்க்கலாம்.”

வெளியே வந்து படியிறங்கும்போது எனக்கு முகம் நிமிரவில்லை. சாட்சியை யாரோ கலைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொன்னேன், பழக்கதோஷம். தேவி என் தோளைக் காட்டினார். நகம் வெட்டும்போது கிளியைச் சுற்றும் சிவப்புத் துண்டு அங்கே கிடந்தது. சட்டைப்பையில் அரம் நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் அடையாற்றில் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தேன். கிளியின் உலகத்தில் அந்தத் துண்டைத் தோளில் போட்டவன் யார் என்பதை இந்தச் சென்னையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தேவி கோபப்படவில்லை, அதுதான் வலித்தது. சொன்னது இவ்வளவே: “கட்டிப் போட்ற துணிய தோள்ல மாட்டிகினு வந்தா எந்த சாட்சிண்ணா வாயத் தொறக்கும்?”

வெள்ளிக்கிழமை மதியம்

வெள்ளிக்கிழமை நான் அந்த வீட்டில் இல்லை. அதனால்தான் எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று என் மனைவி சொல்கிறாள். பிறகு தேவி சொல்லியும் கமலம்மாள் சொல்லியும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மதியம் வரதராஜன் தூங்கப் போனதும் தேவி சமையலறையில் மாட்டியிருந்த மணிப்பெட்டியைப் பிடுங்கிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். கேமராவுக்கு நேரே டீப்பாய் மேல் வைத்தார். ஒயர் தரையில் தொங்கியது. கமலம்மாள் கையில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொடுத்து, “வேணும்னா இத தட்டுமா, இங்கதான் கீறேன்” என்று சொல்லிவிட்டு வந்து, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டு உட்கார்ந்தார். பால்கனியில் துண்டும் இல்லை, அரமும் இல்லை, பேச்சாளரும் இல்லை. கோகோ நிம்மதியாக அடிக்க ஆரம்பித்தது. டிங் டாங். டிங் டாங். மூன்று, நான்கு, ஐந்து.

கேமராவுக்குள்ளிருந்து கவிதாவின் குரல் சீறியது: “தேவி! அம்மா கூப்பிடறாங்க, காதுல விழலையா? நேத்து அவ்வளவு நாடகம் போட்டுட்டு இன்னிக்கும் உக்காந்திருக்கே?” தேவி மணிப்பெட்டியைத் தூக்கி, தொங்கிய ஒயரையும் பிளக்கையும் கேமராவின் முகத்துக்கு நேரே பிடித்தார். பிடித்துக்கொண்டிருக்கும்போதே பால்கனியில் டிங் டாங். அப்போது படுக்கையறையிலிருந்து கரண்டி டம்ளரில் இரண்டு தட்டு தட்டியது. தேவி கீரை மடியிலிருந்து சிதற, எழுந்து ஓடினார்.

கமலம்மாளைத் திருப்பிப் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் திரும்பிவரக் கால்மணி நேரம் ஆனது. கேமராவில் பச்சைப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கவிதா மெதுவாக, “தேவி, நான் தினமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். சிதறிய கீரையைப் பொறுக்கிக்கொண்டே தேவி சொன்னாராம்: “கிளி கூப்ட்டப்ப நான் குந்திகினு இருந்தத பாத்தம்மா. உங்கம்மா கூப்ட்டப்ப எழுந்து ஓடினத ஒரு நாளாவது பாத்தியா?”

கோரிக்கை எண் ஏழு

திங்கட்கிழமை வேறு ஆள் வரவில்லை. தேவியின் வேலை நிலைத்தது. கவிதா மன்னிப்புக் கேட்டாள். அதோடு, இனி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், அன்று அப்பாவே பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டாள். இதைக் கேட்டதும் என் நெஞ்சு நிமிர்ந்தது. வார விடுமுறை! என் கடிதத்தில் ஏழாவது கோரிக்கை! முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு முழுக் கோரிக்கை, எண் மாறாமல் வெற்றி பெற்றது இதுதான் முதல் தடவை. தேவியைச் சந்தித்து வாழ்த்துச் சொன்னேன். போராட்டம் ஒருபோதும் வீண் போவதில்லை என்றும் சொன்னேன். அவர் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்: “அது உன் லெட்டர்லயும் இருந்துச்சாண்ணா? நான் முழுசா படிக்கவே இல்லியே, நானே கேட்டு வாங்கினேன்.”

யாராவது ஒருவர்

வழக்கு அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் கோகோ அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு புதுப் பாடம் படித்திருந்தது. மணி அடித்துவிட்டு, கேமரா வழியாக வந்த கவிதாவின் குரலிலேயே, “தேவி! காதுல விழலையா?” என்று கேட்க ஆரம்பித்தது. அந்தக் குரல் வந்த பிறகுதான் தேவி எழுந்து ஓடினார் என்று கணக்குப் போட்டுவிட்டது போலும். ஒரு நாள் கமலம்மாள் அதைக் கேட்டு, மகள் வந்துவிட்டாள் என்று நினைத்து, ஊன்றாத இடுப்போடு எழுந்திருக்கப் பார்த்திருக்கிறார். தேவி ஓடிப் பிடித்திராவிட்டால் இன்னொரு எலும்பும் போயிருக்கும்.

வரதராஜன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கூண்டு வாசலருகே தயாராக இருந்தது. மேலே ஒரு பழைய போர்வை, பக்கத்தில் விதை டப்பா, காகிதங்கள் வைத்த உறை. எங்கள் ஆலையில் ஆளை வெளியே அனுப்பும்போதும் இப்படித்தான், எல்லாக் காகிதமும் ஒழுங்காக இருக்கும். “இது அநியாயம். அதற்கென்ன தெரியும்? கேட்டதைச் சொன்னது. விளக்கம் கேட்டீர்களா?” என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே பழைய வாசல் கூட்டம் போல இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். இந்த முறை வேறு சொன்னார்: “யாராவது ஒருத்தர் போகத்தான் வேணும், செக்ரட்டரி. இந்த வாட்டி உங்க ஆளு தங்கிட்டா. இதையாவது ஜெயிச்சதா வச்சுக்கோங்க.”

மந்தைவெளியில் நிர்வாகம்

நான் கோகோவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு யாரிடம் விடுவது? ஊர் போனவர்களின் பறவைகளுக்கு நடுவே நிரந்தரமாக ஒரு கூண்டு. சிவப்புத் துண்டை அது பார்க்காதபடி பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் மூச்சு விடவில்லை. எட்டாம் நாள் மதியம், சாப்பிட்டுவிட்டு நான் சாய்வு நாற்காலியில் சாயும் நேரம் பார்த்து, டிங் டாங். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். யாரும் இல்லை. எங்கள் வீட்டில் மணியே கிடையாது என்பது திரும்பி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மறுநாளும் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டோமே என்று ஒரு கொய்யாத் துண்டும் கொடுத்தேன். அடிமைப் புத்தியைப் பற்றி ஏழுமலைக்கு வகுப்பெடுத்த அதே ஆள்தான் நான்.

அதாவது பரவாயில்லை. கூண்டைச் சுத்தம் செய்ய நேரமாகிறது, நகர்ந்து உட்கார் என்று நான் கெஞ்சும்போது, அது தலையைச் சாய்த்து, கண்ணை மூடித் திறந்து, அதே குரலில், அதே இழுப்பில், “பார்க்கலாம்” என்கிறது. முதல் தடவை அதைக் கேட்டபோது என் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். எங்கள் நாற்பது நாள் வேலைநிறுத்தத்தின்போது வரதராஜனின் அறை ஜன்னலுக்குக் கீழே என்னோடு நின்று கோஷம் போட்டவள் அவள். கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அன்னிக்கு அந்த மனுஷன வெளிய போ வெளிய போன்னு தொண்டை கிழிய கத்தினோம். இன்னிக்கு நீங்களே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து கொய்யாப்பழம் ஊட்டறீங்க!”

வேலைநீக்கம் செய்யப்பட்ட ஒருவருக்கு உடனடியாக மாற்று இடம் வாங்கிக் கொடுத்தேன் என்று என் முப்பத்தோரு ஆண்டுப் பொதுவாழ்வில் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடிவது இந்த ஒருவரைத்தான். அவரும் நான் உட்காரும் நேரம் பார்த்து மணியடித்து, எழுந்து வரும் என்னைப் பார்த்து “பார்க்கலாம்” என்கிறார்.